பாதி வந்தால் போதுமா?

ஒரே பக்கம்தான். ஃபயர்பாக்ஸில் வெறுமையாக இருக்கிறது, குரோமில் பாதிப் பட்டியல் வருகிறது. கிருஷ்ணகிரியில் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு மாங்காய் மண்டியின் அன்றைய வரவுக் கணக்கு அது. யார் எத்தனை டன் பெங்களூரா இறக்கினார், செந்தூரா எவ்வளவு என்பதையெல்லாம் சர்வர் எக்ஸ்எம்எல்லாக, அதாவது ஒவ்வொரு தகவலையும் குறிச்சொற்களுக்குள் வைத்து எழுதும் வடிவத்தில், அனுப்பும்.

மண்டிக்கார அண்ணன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “குரோம்ல பாதியாச்சும் வருது தம்பி. எல்லாரையும் அதுலயே பார்க்கச் சொல்லிடு.”

எனக்கு அந்தப் பாதிதான் பயம். வெறும் பக்கத்தைப் பார்த்தவர் போன் போட்டுக் கேட்பார். பாதியைப் பார்த்தவர் வரத்தே அவ்வளவுதான் என்று நினைத்து லாரியைத் திருப்பிவிடுவார்.

பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் டேபில் சர்வரின் பதிலை அப்படியே திறந்து பார்த்தேன். நடுவில் ஒரு வியாபாரியின் பெயர் ‘& சன்ஸ்’ என்று முடிகிறது. எக்ஸ்எம்எல்லில் & தனியாக வரக் கூடாது. வந்தால் பார்சர் (எக்ஸ்எம்எல்லை வாசித்துப் பிரிக்கும் நிரல்) அதற்கு மேல் வழக்கம்போல் வாசிக்கக் கூடாது என்பது 1998-இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 விதி. நின்ற பிறகு கையில் என்ன கொடுப்பது என்பதில்தான் பிரவுசருக்குப் பிரவுசர் வேறுபாடு. பிரவுசரில் இந்த வேலையைச் செய்யும் டாம்பார்சர் இதற்கு எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எதுவும் எறியாது. எறிவதைப் பிடிக்க டிரை-கேட்ச் போட்டிருந்தாலும் அது சும்மாதான் உட்கார்ந்திருக்கும். ஃபயர்பாக்ஸ் படித்ததையெல்லாம் தள்ளிவிட்டு ‘பார்சர்எரர்’ என்ற எலிமென்டை மட்டும் தருகிறது. குரோமோ அதுவரை படித்ததை வைத்துக்கொண்டு உள்ளே ஒரு பார்சர்எரரைச் செருகிவிடுகிறது. பக்கத்தின் கோட் வியாபாரிகளின் வரிசையை மட்டும் தேடியதால் அதைக் கவனிக்கவே இல்லை.

இப்போது பார்சர்எரர் இருந்தால் ‘பட்டியல் வரவில்லை’ என்று பெரிய எழுத்தில் வரும். சர்வரிலும் பெயர்களை வெறும் ஸ்டிரிங்காக ஒட்டாமல் இப்படிப்பட்ட குறிகளைத் தானே மாற்றி எழுதும் எக்ஸ்எம்எல் லைப்ரரி வழியாக எழுதவைத்தேன். பிரவுசரிலேயே & குறியை ரீப்ளேஸ் செய்துவிடலாமே என்றார் ஒரு நண்பர். நாளைக்கு ஒருவர் பெயரில் < போட்டால் என்ன செய்வதாம்? அதுவும் அங்கே தனியாக வரக் கூடாத குறிதான்.

அப்புறம், பிழைகளைக் காட்டும் ஃபயர்பாக்ஸ் கன்சோலில் ‘வேர் எலிமென்ட் (மற்ற எல்லாவற்றையும் உள்ளடக்கும் எலிமென்ட்) இல்லை’ என்று இன்னொரு சிவப்பு வரி. வரவைச் சேமித்ததும் சர்வர் கன்டென்ட்-டைப் கூடச் சொல்லாமல் காலிப் பதில் அனுப்பியிருக்கிறது. வகை சொல்லாத பதிலை எக்ஸ்எம்எல் என்றே வைத்துக்கொள்வது சர்வரோடு பேசப் பக்கம் பயன்படுத்தும் எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்டின் வழக்கம். கணக்கு ஒழுங்காகச் சேமிக்கப்பட்டிருந்தது. பதிலின் வகையை நாமே சொல்ல உதவும் ஓவர்ரைட்மைம்டைப்பில் டெக்ஸ்ட்/பிளெயின் (வெறும் எழுத்து) கொடுத்தேன், அந்த வரி போய்விட்டது.