குண்டோதரன் சாப்பிடவில்லை

2024 நவம்பர் 9, மிசிசாகா, கனடா

வந்துவிட்டான். லீச்சி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்பினேன். மனைவி பழம் என்று நினைத்துக் கிண்ணத்தைக் கழுவி வைத்திருந்தாள். பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த பல்லியைக் காட்டியபோது ஒரு நிமிடம் பேச்சே இல்லை.

முழுப்பெயர் ராகோடாக்டிலஸ் லீச்சியானஸ். லீச் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் பெயரால் 1829இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே வைத்தது. சொந்த ஊர், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக்கில் இருக்கும் நியூ கலிடோனியா. நம் சுவர்ப் பல்லிக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து உயிரோடு எடுத்துவரத் தடை. இவன் இங்கேயே ஒரு வளர்ப்பாளர் வீட்டில் முட்டையிலிருந்து வந்தவன். ஒன்றரை வயது, 58 கிராம், ஒரு ஜாணுக்குச் சற்றுக் குறைவு. பாசி படிந்த மரப்பட்டையின் நிறம். விலாவில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டதுபோல.

பெரியவனானால் 35 சென்டிமீட்டர் வரை வருவான், கால் கிலோ தாண்டுவான். அதனால் குண்டோதரன் என்று பெயர் வைத்தாயிற்று.

நவம்பர் 12

சாப்பிடவில்லை.

நவம்பர் 15

இன்றும் இல்லை. உணவு என்பது கடையில் விற்கும் பழப்பொடி. ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்தால் கேழ்வரகுக் கூழ் பதத்தில் வரும். மாலையில் வைக்கிறேன், காலையில் ஏடு கட்டி அப்படியே இருக்கிறது. தராசில் 55 கிராம். ரவை நிறுக்கும் தராசுதான் இது. மனைவி புதிதாக ஒன்று ஆர்டர் போட்டுவிட்டாள், அது சமையலறைக்கு, இது அவனுக்கு. இடம் மாறினால் இரண்டு வாரம்கூடப் பட்டினி கிடக்கும், தொந்தரவு செய்யாதே என்கிறார் விற்றவர். தெரிகிறது. ஆனால் மீனாட்சி கல்யாணத்துச் சோற்றையெல்லாம் தின்று தீர்த்தவன் பெயரை வைத்துக்கொண்டு இப்படியா?

நவம்பர் 19

காலையில் பார்த்தால் கூழின் நடுவே ஒரு சின்னப் பள்ளம், நாக்கு போன தடம். அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்தில் எவ்வளவோ இருந்தது.

2025 ஜனவரி 18

வெளியே மைனஸ் 14. வீட்டில் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று அப்பளமாகக் காய்ந்து கிடக்கிறது. தொட்டிக்குள் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று வைத்திருந்தேன். நேற்று பார்த்தபோது 41. இரண்டு நாள் தண்ணீர் தெளிக்க மறந்தது நான்தான்.

அதற்குள் தோல் உரித்துவிட்டான். உரித்த தோலை அவனே தின்றுவிடுவதால் உரித்ததே தெரியாது. வலது முன்காலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நடுவிரலில் பழைய தோல் மோதிரம்போல இறுகி நின்றிருந்தது. விட்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் நுனியே போய்விடும். ஒரு டப்பாவில் வெதுவெதுப்பாக நனைத்த பேப்பர் டவலை விரித்து, இருபது நிமிடம் உட்கார வைத்தேன். பிறகு காது குடையும் பஞ்சுக்குச்சியால் அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல உருட்டினேன். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி வந்தது. அதன் அடியில், விரலின் கீழ்ப்புறம், புத்தகத் தாள்களை அடுக்கியதுபோல வரி வரியாகத் தகடுகள். கண்ணாடியில் அவன் நிற்பது அந்தத் தகடுகளில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகளால். பசை ஒன்றும் கிடையாது. வால் நுனியிலும் அதே தகடு கொஞ்சம் உண்டு.

இவ்வளவும் நடக்கும்போது என்னைப் பார்த்தபடியே இருந்தான். இமை இல்லாததால் வேறு வழியும் இல்லை. ஒருமுறை நாக்கை நீட்டி இடது கண்ணை மேலிருந்து கீழாக நக்கித் துடைத்துக்கொண்டான். அவ்வளவுதான் அவன் காட்டிய மரியாதை.

மார்ச் 2

61 கிராம். நான்கு மாதத்தில் மூன்று கிராம். முழு வளர்ச்சிக்கு இன்னும் பல வருடங்கள் ஆகும், அதன்பிறகு இருபது வருடம் இருப்பான். எனக்கு 41. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது உயிரோடிருக்கும் கெக்கோக்களில், அதாவது சுவர்ப் பல்லி வகையில், பெரியது இவன் இனம்தான். இதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. பிரான்சின் மார்செய் அருங்காட்சியகத்தில் எங்கிருந்து வந்தது என்ற சீட்டே இல்லாமல் பாடம் செய்யப்பட்டு நின்றுகொண்டிருந்தது, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். 1986இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். நியூசிலாந்துப் பல்லியாக இருக்கும் என்று வெகுநாள் நம்பியிருந்தார்கள். 2023இல் மரபணுவை எடுத்துப் பார்த்தால், அதுவும் நியூ கலிடோனியா பக்கத்துச் சொந்தம். உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம், அதுவும் வைக்கோலாக.

ஏப்ரல் 11

கடித்துவிட்டான். தண்ணீர் தெளிக்கும்போது கார்க் பட்டைக் குழாய்க்குள் கையை விட்டேன், அது அவன் படுக்கை. கட்டைவிரலைப் பிடித்தவன் விடவே இல்லை, முப்பது விநாடியாவது இருக்கும். இழுத்தால் அவன் தாடைக்குத்தான் கேடு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சின்ன ரத்தம், சோப்புப் போட்டுக் கழுவினேன். தப்பு என்னுடையது. இது மடியில் உட்கார்ந்து கொஞ்சும் பிராணி இல்லை என்பதை வாங்குமுன் பத்துப் பேர் சொன்னார்கள்.

மே 24

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறாள், ஆறு மாதம் இருப்பாள்.

"பல்லியையாடா காசு குடுத்து வாங்கினே? நம்ம வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னாடி எட்டு இருக்கே."

விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே உட்கார்ந்துவிட்டாள். பிறகு தொட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டாள். போனில் பார்த்துத் தென்மேற்கு என்றேன். பஞ்சாங்கம் கொண்டுவராமல் வந்துவிட்டோமே என்று வருத்தம். மேலே விழுந்தால் காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வரவேண்டும், இங்கிருந்து எப்படிப் போவது என்பது அடுத்த கவலை.

ஜூன் 23

வெளியே 35க்கு மேல். மதியம் கட்டடத்தின் ஏசி நின்றுபோனது. நிர்வாகத்துக்குப் போன் செய்தால் ஆள் வருவார் என்றார்கள். யாரும் வரவில்லை.

இவன் ஊர்க் காட்டில் மர நிழல்தான்; 22 முதல் 26 டிகிரி வரை சுகம், 28 தாண்டினால் ஆபத்து. நான்கு மணிக்குத் தொட்டியில் 29.4. வாயைத் திறந்தபடி அடியில், மண்ணோடு ஒட்டிக் கிடந்தான். மரத்தில் இருக்கவேண்டியவன் தரைக்கு வந்துவிட்டாலே சரியில்லை என்று அர்த்தம். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். ஒரு டிகிரிகூட இறங்கவில்லை.

அம்மா எழுந்து போய் என் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள். தொட்டியை மூன்று பக்கமும் சுற்றினாள், மேசை விசிறியைத் திருப்பி வைத்தாள். "பானைக்குக் கட்டற மாதிரிதான்." அரை மணிக்கொருமுறை அவளே நனைத்தாள், அவன் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. ஏழு மணிக்கு 27.1. வாயை மூடிக்கொண்டான்.

ஜூன் 24

இரவு பதினொன்றுக்கு ஏசி வந்தது. இரண்டு மணிக்கு அவன் குரல் கொடுத்தான், வந்ததிலிருந்து இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. நாயும் வாத்தும் சேர்ந்து இருமுவதுபோல மூன்று தடவை. இந்தக் குரலுக்குத்தான் மரத்துப் பிசாசு என்று பெயர் வாங்கியிருக்கிறது இந்த இனம்.

பக்கத்து அறையில் அம்மா தூக்கத்திலேயே விரல் முட்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டுவது கேட்டது. டொக், டொக், டொக்.

காலையில் 63 கிராம். கிண்ணம் காலி.