போறணைச் சூடு

மார்ச் 4
கல்யாணமாகி 4 வருஷம், பிள்ளை இல்லை. அவளுடைய ஃபைல் தலையணை மாதிரித் தடித்துவிட்டது. ஸ்கேன், மாத்திரை, விரதம் எல்லாம் அவளுக்குத்தான். திருகோணமலையில் கோணேசர் கோயிலில் கட்டிய தொட்டில்கூட வெயிலில் வெளுத்துப்போயிற்று. புது டொக்டர் இன்றைக்கு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, உங்கட ரிப்போர்ட் எங்கே?"

மார்ச் 9
விந்து எடுத்த போத்தலைச் சேர்ட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு புறப்பட்டேன். சூடு ஆறக்கூடாது, ஒரு மணித்தியாலத்துக்குள் லாப்பில் கொடுக்க வேண்டும். கடற்கரை வீதியில் நடுவிலே மான்கள் படுத்திருந்தன. ஹோர்ன் அடித்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அசைபோடுகின்றன. எனக்கோ நிமிஷம் ஓடுகிறது.

ஏப்ரல் 3
இரண்டாம் தடவையும் அதே கதை. மில்லிலீற்றருக்கு 6 மில்லியன் விந்தணு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கைநூலில் கீழெல்லை 16. டொக்டர் நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார். இடது விதைக்கு மேலே புழு சுருண்ட மாதிரி நாளங்கள். வெரிக்கோசீல். காலில் நரம்பு சுருளுமே, அதே சங்கதி. இடது நாளம் நேரே போய்ச் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகச் சேர்வதால் இரத்தம் திரும்பி இறங்கித் தேங்குகிறதாம். விதை உடம்பைவிட 2, 3 பாகை குளிராக இருந்தால்தான் வேலை செய்யும். தேங்கிய இரத்தம் அதைச் சூடாக்கிவிடுகிறது. நூறு ஆண்களில் 15 பேருக்கு இது உண்டு, அநேகருக்குப் பிள்ளையும் உண்டு என்றார். நான் பத்து வருஷமாகப் பேக்கரிப் போறணைக்கு முன்னால் நிற்கிறவன். "அதால வந்ததில்லை, ஆனால் தள்ளி நில்லுங்கோ" என்றார். முதலாளியிடம் முதுகுவலி என்று பொய் சொன்னேன்.

ஏப்ரல் 14
வருஷப்பிறப்பு. என் தலையில் மருத்துநீர் வைத்துக்கொண்டே அம்மா சொன்னா, "அவளைக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போ, ஏழு வெந்நீர்க் கிணற்றிலயும் குளிக்கட்டும்."
"குறை என்னிலதான் அம்மா."
கை நின்றது. நெற்றியால் வழிந்து கண்ணுக்குள் போய் எரிந்தது.
"மெல்லக் கதை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்" என்றா. அதற்குப் பிறகு கன்னியாப் பேச்சே இல்லை.

மே 6
ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள். கவட்டுக்கு மேலே சின்ன வெட்டு. விந்தணு ஒன்று உருவாக 74 நாள் அளவில் எடுக்குமாம், அதனால் அடுத்த டெஸ்ட் 3 மாதம் கழித்து. சாரம்தான் இப்போதைக்குச் சுகம்.

ஓகஸ்ட் 8
14 மில்லியன். எல்லையைத் தொடவில்லை. அவள் என்னிடமிருந்து வாங்கி இரண்டு தரம் வாசித்தாள்; பிறகு தன் தடித்த ஃபைலைத் திறந்து, என் மூன்று தாளையும் முன்பக்கமாகச் சொருகினாள்.