ஊசியைக் கண்டு மயங்குகிறவர்கள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்க்கிறேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். அடம்பிடிக்கும் பிள்ளையிடம் அப்பத்தாமார், "சும்மா இரு, நர்சம்மாவை ஊசி போடச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டுவது என் காதில் விழாத வாரம் இல்லை. உயிர் காக்கும் மருந்தை இப்படித் தண்டனையாக்குவதைக் கேட்டால் இன்றும் கோபம் வருகிறது.

அந்தப் பயம் சிலருக்கு வளர்ந்த பிறகும் போவதில்லை. 2021இல் கொரோனா தடுப்பூசிக்கு அழைத்தபோது கோட்டையூரில் ஒரு கொத்தனார் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். "காய்ச்சல் வந்தால் கூலி போய்விடும்" என்பார். அதுவும் நியாயமான கவலைதான். அவர் மனைவிதான் என்னைத் தனியே அழைத்து, "ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுந்துவிடுவார் அக்கா, சொல்ல வெட்கப்படுகிறார்" என்றார்.

வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். மூளைக்கு ரத்தம் குறைவதால் மயக்கம் வருகிறது. ஊசி தோலைத் தொடும் முன்பேகூட வரலாம். பார்த்தவர்களோ மருந்தின் மேல் பழி போடுவார்கள். அடுத்த தெருவே ஊசிக்கு வராது.

இவர்களிடம் உடம்பைத் தளர்த்தச் சொன்னால் போதாது. கால், வயிறு, ஊசி போடாத கை ஆகியவற்றின் தசைகளை முகம் சூடேறும்வரை 10 முதல் 15 விநாடி இறுக்கி, பிறகு விட வேண்டும். அரை நிமிடம் கழித்து மறுபடியும். இப்படி ஐந்து முறை. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் கோரன் ஓஸ்ட் உருவாக்கிய பயிற்சி இது. ஊசி போடும் கை மட்டும் தளர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் இதற்கெல்லாம் நேரம் வேண்டும். கோவிஷீல்டு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து இருந்தது. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வரிசையை விரட்டாமல் வேறு வழியில்லை. பயந்தவர்கள் அந்த அவசரத்தைப் பார்த்தே திரும்பிப் போனார்கள். கொத்தனாரைக் கூட்டம் வடிந்தபின் வரச் சொல்லி, பாயில் படுக்கவைத்துப் போட்டேன். அரை மணி நேரம் கழித்து எழுந்தவர், அடுத்த ஊசி எப்போது என்று கேட்டார்.

பள்ளிகளில் 10, 16 வயதுப் பிள்ளைகளுக்கு டெட்டனஸ், டிப்தீரியா நோய்களைத் தடுக்கும் டிடி ஊசி போடும்போது, ஒருவருக்குப் போடுவதை மற்றவர்கள் பார்க்காதபடி தனி அறை கேட்கிறேன். பயப்படும் பிள்ளையைக் காக்கவைக்காமல் முதலில் அழைக்கிறேன். அறை இல்லை என்றால், கரும்பலகையை மறைப்பாக நிறுத்தச் சொல்கிறேன்.