தாயம் விழாத ஆட்டம்

ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது, மாணவர்களையே குழுவாக ஓர் ஆட்டம் உருவாக்கச் சொல்வது சில ஆண்டுகளாக என் வழக்கம். முதல் ஆண்டு வந்தவை பெரும்பாலும் பரமபதக் கட்டங்கள்: ஒரு கணக்கு வினா, சரியான விடைக்கு ஏணி, தவறுக்குப் பாம்பு. வினாக்களை மாற்றிச் சமூக அறிவியலை வைத்தாலும் அந்த ஆட்டம் அப்படியே நடக்கும் என்று உணர்ந்தபோது, நான் கேட்ட விதமே பிழை என்று புரிந்தது. பாஸ்டனில் நான்காம் வகுப்பு மாணவர்கள் சிறு பிள்ளைகளுக்காகப் பின்னக் கணக்கு ஆட்டங்களை லோகோ என்ற கணினி நிரல் மொழியில் உருவாக்கியதை ஆராய்ந்து யாஸ்மின் காஃபாய் 1995இல் நூலாக எழுதினார். அங்கும் பல ஆட்டங்களில் பின்னம் வெளியிலிருந்து ஒட்டிய வினாவாகவே இருந்தது. ஆகவே மறு ஆண்டு வினா அட்டையே கூடாது, கணக்கு ஆட்ட விதிக்குள் இருக்க வேண்டும் என்றேன்.

அப்போது ஒரு குழு, வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டைகளோடு வந்தது. தாயம், அதாவது இரு கட்டைகளின் கூட்டுத்தொகை ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது அவர்கள் விதி. பக்கத்துக் குழு ஆடிப் பார்த்தபோது, பாடவேளை முடியும்வரை ஒரு மாணவிக்குக் காய் இறங்கவே இல்லை. "டீச்சர், கட்டையில்தான் ஏதோ கோளாறு" என்றார்கள். நான் விளக்கவில்லை, விழக்கூடிய எல்லாச் சோடிகளையும் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெற்று முகம். ஆக 16 சோடிகள். தாயத்துக்கு 2 மட்டும், அதாவது எட்டில் ஒன்று, மூன்றுக்கோ 4. பிறகு 160 முறை உருட்டிக் குறித்தார்கள். 20 தாயம் எதிர்பார்த்த இடத்தில் 17 வந்தது. பட்டறி நிகழ்தகவு (செய்து பார்த்துக் கண்ட வாய்ப்பு) என்ற சொல்லை அதன் பிறகே பலகையில் எழுதினேன்.

தாயமோ ஐந்தோ விழுந்தால் இறங்கலாம் என்று விதியை மாற்றியதும் வாய்ப்பு நான்கில் ஒன்றாயிற்று, ஆட்டமும் நகர்ந்தது. இதற்கு ஆறு பாடவேளைகள் செலவாகின்றன. போர்ஷன் முடிக்கும் நெருக்கடி எனக்கும் உண்டு. ஆனாலும் விதியைத் திருத்தும் அந்த நேரத்தை நான் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனெனில் கணக்கு அங்கேதான் நடக்கிறது.

கடைசி நாளில் ஒருத்தி பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எங்கள் ஊர் வழக்கில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு (இரண்டும் வெற்று முகம்) ஆகியவற்றுக்கு மறு ஆட்டம் உண்டு, அவை நான்கும்தான் பட்டியலில் மிகக் குறைவாக வருபவை என்று அவளே கண்டு, "அப்படியானால் எங்கள் ஆயாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.