ஆரூரில் சண்டை போடலாம்

பெரியம்மாவுக்கு இடது கண் போய் மூன்று வருடம் ஆகிறது. கண் நீர் அழுத்த நோய். வலது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியும், அதுவும் நல்ல வெளிச்சம் இருந்தால். மயிலாடுதுறையில் இருந்துகொண்டு திருவாரூர் போக வேண்டும் என்றார். வைத்தீஸ்வரன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறதே, நோய்க்கு அங்கேதானே போவார்கள் என்று கேட்டேன்.

"அங்க போனா வேண்டிக்கணும்டா. ஆரூர்ல சண்டை போடலாம்."

சரி என்று சாயங்கால நடை திறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும்படி ரயில் பிடித்தோம்.

கீழவீதியில் ஆழித்தேரைக் கடந்துதான் உள்ளே போனோம். அலங்கரித்தால் 96 அடி உயரம் நிற்கும் தேர். அன்று தகரக் கொட்டகைக்குள் அடங்கிக் கிடந்தது. மனுநீதிச் சோழன் கல்தேரைப் பார்க்க வேண்டுமா என்றேன். "அது பாடப் புத்தகத்துலயே இருக்கே" என்று பெரியம்மா தள்ளிவிட்டார். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று சொல்வார்கள். ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். கோலூன்றி நடக்கும் ஒருவருடன் இந்தக் கோயிலுக்குள் நடந்தால்தான் ஐந்து வேலி என்றால் என்ன என்று காலுக்குத் தெரியும்.

தேவாசிரியன் மண்டபம் அன்று திறந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். கூரையின் அடிப்பக்கம் முழுக்கப் பழைய ஓவியங்கள், 17ஆம் நூற்றாண்டுக் கை. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறது. பெரியம்மாவுக்கு அந்த உயரத்தில் ஒன்றும் தெரியாது. ஆகவே நான் அண்ணாந்து பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்: குரங்கு முகத்தோடு ஒரு ராஜா, கிரீடம் வைத்திருக்கிறார். நான் முடிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

அது முசுகுந்தச் சக்கரவர்த்தி. முற்பிறப்பில் குரங்காக இருந்து, வில்வ மரத்தின் மேலிருந்து சிவன் தலையில் இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தவர். அரச பிறவி கிடைத்தபோதும் அந்த முகம் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். திருமால் தன் மார்பில் வைத்துப் பூஜித்த சோமாஸ்கந்த மூர்த்தி, அதாவது உமையோடும் முருகனோடும் இருக்கும் சிவன், பிறகு இந்திரனிடம் வந்தது. திருமாலின் மூச்சு ஏறி இறங்கும்போது அந்த மூர்த்தியும் ஏறி இறங்கியது, அதுதான் அசபா நடனம். போரில் உதவிய முசுகுந்தன் அதைக் கேட்டபோது, கொடுக்க மனமில்லாத இந்திரன் அதே போல ஆறு செய்வித்து ஏழில் ஒன்றை எடுத்துக்கொள் என்றான். முசுகுந்தன் சரியாக உண்மையானதைத் தொட்டார். வேறு வழியில்லாமல் ஏழையும் கொடுத்தனுப்பினான். அந்த ஏழும்தான் ஆரூர், நள்ளாறு, நாகை, காறாயில், கோளிலி, வாய்மூர், மறைக்காடு என்று சப்தவிடங்கத் தலங்களில் தியாகராஜர் என்ற பெயரில் இருக்கின்றன.

"எப்படிக் கண்டுபிடிச்சார்னு படத்துல இருக்கா?" என்று கேட்டார். இருந்ததோ இல்லையோ, என் கழுத்து அதற்கு மேல் வளையவில்லை.

இதே மண்டபத்தில்தான் அடியார்கள் கூடியிருப்பார்களாம். சுந்தரர் அவர்களை வணங்காமல் ஒதுங்கிப் போனதைப் பார்த்த விறன்மிண்டர், சுந்தரரும் நமக்குப் புறம்பு, அவரை ஆட்கொண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிட்டார். கடவுளையே தள்ளி வைத்த ஆள்! அதற்குப் பிறகு சுந்தரர் பாடியதுதான் திருத்தொண்டத் தொகை, மொத்தம் 11 பாட்டு. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியும் சேக்கிழாரின் பெரியபுராணமும் அந்தப் பதினோரு பாட்டின் மேல் எழுந்தவை.

மூலவர் புற்றிடங்கொண்டாரைக் கும்பிட்டுவிட்டு அரநெறிக்குப் போனோம். பெரிய கோயிலுக்குள்ளேயே இருக்கும் தனிக்கோயில் இது, செம்பியன் மாதேவி என்ற சோழ அரசி கற்கோயிலாக எடுப்பித்தது. இங்கே விளக்கேற்ற நமிநந்தியடிகள் பக்கத்து வீட்டில் நெய் கேட்டபோது, கையிலேயே நெருப்பு வைத்திருக்கிற உங்கள் சாமிக்கு விளக்கு எதற்கு என்று கேலி செய்தார்களாம். அவர் குளத்துத் தண்ணீரை ஊற்றி விளக்கெரித்தார். எனக்கு அந்தக் கேலியும் பிடிக்கும். சொன்னவனுக்கும் கொஞ்சம் தமிழ் தெரிந்திருக்கிறது.

விளக்குக் கதை என்றதும் எனக்குத் தெரிந்த ஒன்றை நானும் சொன்னேன். ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. அவனுடைய அணுக்கியார், அதாவது நெருக்கமான துணைவி, பரவை நங்கையார் தியாகராஜர் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவர். ராஜாவும் அந்த அம்மையும் சேர்ந்து நின்று வீதிவிடங்கரை, அதாவது தியாகராஜரை, கும்பிட்ட இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைத்திருக்கிறார்கள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து நின்ன இடத்துக்கா?" பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சுந்தரர் கட்டிக்கிட்ட பரவை வேற, இந்தப் பரவை வேற. ஆனா ஆரூர்ல பரவைன்னு பேர் வெச்சா ராசிதான் போலிருக்கு." அப்புறம் அந்த விளக்கைக் காட்டு என்றார். ஆயிரம் வருடத்து விளக்கை நான் எங்கே போய்க் காட்ட?

சாயரட்சைக்கு, அதாவது சாயங்காலப் பூஜைக்கு, கூட்டம் சேர்ந்துவிட்டது. இந்த ஊர்ச் சாயரட்சைக்குத் தேவர்களே வருவதாக நம்பிக்கை. முதலில் மரகத லிங்கத்துக்கு அபிஷேகம். எனக்கு முன்னால் நின்றவரின் தோளும், பால் ஊற்றும் கையும் தெரிந்தன, அவ்வளவுதான். பிறகு தியாகராஜருக்குத் தீபாராதனை. வந்தவர்கள் பலர் எதிர்பார்க்காதது இதுதான்: இங்கே சாமியின் முகத்தை மட்டும்தான் பார்க்கலாம், பக்கத்தில் அம்பாளின் முகத்தை. மற்றதெல்லாம் பூவும் பட்டும் மூடியிருக்கும். பாத தரிசனம்கூட மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும்தான். உடல் ரகசியம்.

பஞ்சமுக வாத்தியம் ஒலித்தது. குடம் போன்ற ஒரே உடலில் ஐந்து முகங்கள், நடுவில் பெரியது, சுற்றி நான்கு. பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், அந்த அடி அவர் விரல்களில் இறங்கியது.

"என்ன தெரியுது உனக்கு?"

"முகம் மட்டும், பெரியம்மா."

"எனக்கும் அதான்."

அப்புறம் வாய்க்குள்ளேயே பாட ஆரம்பித்தார். மீளா அடிமை. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்தவர். ஆரூர் வசந்த விழா நினைவு வந்ததும் கிளம்பிவிட்டார். ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போனது. வெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடது கண் கிடைத்தது. வலது கண் ஆரூர் வந்துதான், கீழவீதித் தூவாய் நாயனார் கோயிலில் என்பார்கள். அந்தக் கண்ணுக்காகப் பாடிய பதிகம் இது. கெஞ்சல் இல்லை. நான் குற்றம் ஒன்றும் செய்யவில்லை, என் கண்ணை எடுத்துக்கொண்டு நீர்தான் பழிகாரர் ஆனீர், இன்னொரு கண்ணைத் தராவிட்டால் 'வாழ்ந்து போதீரே'. நம் பேச்சில் சொன்னால், நல்லா இருங்க சாமி, நீங்களே நல்லா இருங்க. வீட்டு வாசலில் நின்று உறவுக்காரனைத் திட்டும் அதே தொனி. பெரியம்மா சண்டை என்றது இதைத்தான்.

பதினோரு பாட்டும் பாடவில்லை. நாலு பாடினார், மூச்சு வாங்கியது. தட்டில் பத்து ரூபாய் போட்டுவிட்டு, "கோல் ஏற்கெனவே கிடைச்சாச்சு" என்று கைத்தடியைத் தரையில் தட்டினார்.

மேற்கு வாசல் வழியாகக் கமலாலயத்துக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. நடுவில் நாகநாதர் கோயில் விளக்கு மட்டும் தண்ணீரில் ஆடியது. சுந்தரர் விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் போட்ட பொன்னை இந்தக் குளத்தில் எடுத்தார், ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. அந்தப் பொன்னின் தரத்தை உரைத்துப் பார்த்த பிள்ளையாரும் கரையில் இருக்கிறார். பெரியம்மா அதற்காக வரவில்லை. அவருக்குத் தண்டியடிகள்தான் வேண்டும்.

தண்டியடிகள் பிறவிக் குருடர். குளம் தூர்ந்து சுருங்கியபோது, குளத்துக்குள் ஒரு தறியும் (முளைக்கழி) கரையில் ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார், வெட்டுவார், மண்கூடையோடு மறுபடி கயிற்றைத் தடவி ஏறுவார். அங்கிருந்த சமணர்கள் பரிகசித்துக் கூடையைப் பறித்தார்கள் என்றும், அரசன் முன்னால் குளத்தில் மூழ்கி எழுந்தபோது இவருக்குப் பார்வை வந்து அவர்களுக்குப் போனது என்றும் பெரியபுராணம் சொல்லும். கடைசிப் பகுதியைப் பெரியம்மா எப்போதும் சொல்வதில்லை. "இவருக்குக் கண் வந்தா போதாதா? இன்னொருத்தருக்கு எதுக்குப் போகணும்?" என்பார். எனக்கும் அதே எண்ணம்தான்.

"தொகையில இவரை எப்படிச் சொல்றார் தெரியுமா? நாட்டமிகு தண்டி. நாட்டம்னா கண்ணு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதைப் பாடினப்ப சுந்தரருக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருந்துச்சுடா. ஒற்றியூரெல்லாம் அப்புறம்தான்."

பிறகு இறங்க வேண்டும் என்றார். எத்தனை படி என்று கேட்டார். விளக்கு வெளிச்சத்தில் எண்ணி ஏழு என்றேன். ஒரு கையால் கோலையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினார். ஏழுக்கு நின்றேன். அவர் நிற்கவில்லை. கால் தண்ணீருக்குள் போனது.

"எட்டு" என்றார்.