வகுப்பு ரெப்புக்கு நிற்கப் போகும் கரையோரப் பிள்ளைகளுக்கு

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கரையோர ஊர்களில் இருந்து இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்த தம்பி தங்கைகள் சிலர், "வகுப்பு ரெப்புக்கு நிற்கலாமாக்கா, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று கேட்கிறார்கள். நில்லுங்கள். ரெப், அதாவது வகுப்புப் பிரதிநிதி, என்பதோடு விட்டுவிடாமல் அடுத்த வருஷம் மாணவர் பேரவைக்கும் வாருங்கள். படித்த காலம் முழுக்க நான் அதில் இருந்தேன், அங்கே என்ன நடக்கும், நம்மைப் போன்றவர்களுக்கு எது தடையாக வரும் என்பதெல்லாம் தெரியும், அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுப் பயம். நம் மாவட்டத்துப் பெரியவர்களுக்கு மாணவர் தேர்தல் என்றாலே அரசியல்தான் ஞாபகம் வரும், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன்தான் 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர். விருதுநகர் அப்போது நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஊர். அதற்கப்புறம் கல்லூரித் தேர்தல்களில் சாதி பார்த்து அணி சேருவதையும், அடிதடியையும், போலீஸ் ஸ்டேஷன் வரை போனதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நம் அப்பா அம்மா. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இப்போது விதிகள் இருக்கின்றன, அதை அவர்களிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் ஒரு குழு போட்டு, அது சொன்ன பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு வேட்பாளர் 5000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான் ஒட்டலாம். கட்சிகளிடம் பணம் வாங்கக் கூடாது. வேட்புமனுவில் இருந்து முடிவு அறிவிப்பது வரை எல்லாம் 10 நாளுக்குள் முடிய வேண்டும். பல கல்லூரிகளில் நேரடி ஓட்டே கிடையாது, வகுப்பு ரெப்புகள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள், இல்லையென்றால் பேராசிரியர்களே பெயர் சொல்வார்கள். உங்கள் கல்லூரியில் எந்த முறை என்று முதல் மாதத்திலேயே துறைத்தலைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் பேரவையில் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் பஸ்தான் காரணம். கடைசி வகுப்பு முடிந்த பிறகுதான் கூட்டம் என்பார்கள், நம் பக்கத்து டவுன் பஸ்ஸும் அதே நேரத்துக்குத்தான் கிளம்பும், அதை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு, அதில் வந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ரோட்டில் இறங்கி கருவேலங்காட்டு வழியாக ஊருக்குள் நடக்க எந்த வீட்டில் ஒரு பெண்ணை விடுவார்கள்? ஆக கூட்டத்தில் உட்காருவது டவுனில் வீடு இருப்பவர்களும் ஹாஸ்டல் பிள்ளைகளும் மட்டும்தான். அவர்கள் நல்லவர்கள், என் நெருங்கிய தோழிகளே அதில் உண்டு. ஆனால் ஆண்டு விழா, விளையாட்டு விழா, துறை விழா என்று பேசி முடித்துவிடுவார்கள். காலையில் பஸ் லேட்டானால் முதல் ஹவர் ஆப்சென்ட் விழுகிறதே என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது, தெரிந்த நாம் பஸ்ஸில் இருப்போம்.

நான் பேரவையின் செயற்குழுவுக்கு வந்ததும் கேட்ட முதல் விஷயம், கூட்டத்தை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றுங்கள் என்பதுதான். பொறுப்புப் பேராசிரியர் நேரம் போதாது என்றார். பேச வேண்டியதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் போதும் என்று சொன்னேன், அப்படியே செய்து பார்த்தோம், போதுமாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த கூட்டங்களில் நம் வழித்தடத்துப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள், வந்ததும் முதல் ஹவர் பிரச்சினை தானாகவே மேலே வந்தது. வருகை 75 சதவீதத்துக்குக் குறைந்தால், அதைப் பொறுத்துக்கொள்ளக் கண்டோனேஷன் பணம் கட்ட வேண்டும், அதுவும் ஒரு அளவுக்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி வருகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்!

அதற்கு என்ன செய்தோம் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், உங்களுக்கு உதவும். பஸ் தினமும் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று வழித்தடத்துக்கு ஒருவராக நோட்டில் எழுதினோம். அந்த நோட்டைப் பார்த்ததும் துறைத்தலைவரே முதல் ஹவருக்குக் கொஞ்ச நேரம் சலுகை தர ஒத்துக்கொண்டார். பஸ் நேரத்தை மாற்ற டெப்போவுக்குப் போனோம், முடியாது என்றார்கள். பிறகு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லியே கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு செமஸ்டர் போய்விட்டது, ஆனால் பஸ்ஸை முன்கூட்டி எடுக்க ஆரம்பித்தார்கள். தேதியும் நேரமும் எழுதிய நோட்டு இல்லாமல் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் டெப்போ பதிலோடு எல்லாம் முடிந்திருக்கும்.

லிங்டோ விதிகளில் எனக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு. நிற்பவருக்கு குறைந்தது 75 சதவீத வருகை வேண்டும், அந்த வருஷம் அரியர் இருக்கக் கூடாது. வருஷக்கணக்கில் படிப்பை முடிக்காமல் கல்லூரியில் அதிகாரம் செய்பவர்களைத் தடுக்க இது நியாயமான விதிதான். ஆனால் பாடு, அதாவது மீன் வரத்து, நன்றாக இருக்கும் நாளில் அப்பாவோடு வத்தையில் (சின்னப் படகில்) கடலுக்குப் போய்விட்டு வருகிற பையனும் இதில் மாட்டிக்கொள்கிறான். எங்கள் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான், கூட்டத்தில் எழுந்து பேசினால் எல்லாரும் காது கொடுத்துக் கேட்பார்கள், வருகை போதாமல் நிற்க முடியவில்லை. அப்படிப்பட்டவர்களை மனு எழுதவும் பேசவும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு எந்த விதியும் தடை இல்லை.

இன்னொன்று, தலைவர், செயலாளர் போன்ற பொறுப்புகளுக்கு ஒருவர் ஒரு முறைதான் நிற்கலாம், செயற்குழு உறுப்பினருக்கு இரண்டு முறை. அதனால் முதல் வருஷமே பெரிய பதவிக்கு அவசரப்படாதீர்கள். பேரவை மட்டும்தான் வழி என்றும் நினைக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளராக உட்காருவார், புகார் வந்த 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களும் இருக்க வேண்டும் என்று யுஜிசியின் 2015 விதி சொல்கிறது. தங்கைகளே, இந்த இடங்கள் யாருக்குப் போகின்றன என்று கேளுங்கள். மேடை ஏறும் பதவியை விட இவை முக்கியம் என்பது என் எண்ணம்.

நாங்கள் முடிக்காமல் விட்டுவிட்டு வந்த வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்குக் கூலிக்குப் போகும் வீடுகளில் அந்த நாட்களில் வருமானமே இருக்காது. அரசு தரும் நிவாரணம் 8000 ரூபாய், அதை இரண்டு மாதத்துக்குச் சாப்பாட்டுக்கே இழுத்துப் பிடிக்க வேண்டும். படகுகள் மறுபடி கடலுக்குப் போய்க் கையில் நாலு காசு சேருவதற்குள் கல்லூரி திறந்து கட்டணம் கேட்பார்கள், தேதி தப்பினால் அபராதம். மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜூலைக் கடைசி வரை அபராதம் இல்லாமல் கட்ட அவகாசம் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. மீனவர் நலவாரிய அட்டை நகலும், வகுப்புவாரியாகப் பெயர்ப் பட்டியலும் சேர்த்து, தேர்வு முடிவதற்கு முன்பே முதல்வரிடம் கொடுத்துவிடுங்கள். லீவு விட்டுவிட்டால் கையெழுத்து வாங்க ஆள் கிடைக்காது. எங்கள் பழைய மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.