வருவதில்லை என்று சொல்ல முடிகிறதா? சிம்பிள் பிரசன்ட் பழக ஒரு வழி

சிம்பிள் பிரசன்ட் டென்ஸைச் ‘சாதாரண நிகழ்காலம்’ என்று மொழிபெயர்த்துச் சொல்லிக்கொடுக்கும்போதே முதல் கோணல் விழுந்துவிடுகிறது. வழக்கத்தைச் சொல்லத் தமிழில் நாம் பெரும்பாலும் நிகழ்காலத்தைத் தொடுவதே இல்லை. “தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்”, “அவள் நன்றாகப் பாடுவாள்”, “சூரியன் கிழக்கே உதிக்கும்.” வினைமுற்றுகளைப் பாருங்கள், எல்லாமே எதிர்காலத்துக்கும் நாம் பயன்படுத்தும் உருவங்கள். இதே பழக்கத்தோடு ஆங்கிலம் பேசினால் “ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ் டெய்லி” என்றுதான் வரும். கேட்பவருக்கு அது வழக்கமாகத் தோன்றாது, நாளையிலிருந்து எடுத்த தீர்மானம் போலத் தோன்றும்.

கோணல் மறுபக்கமும் உண்டு. “நான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன்” என்பதை வேலையைக் கேட்டாலும் சொல்வோம், இந்த நிமிடம் என்ன செய்கிறாய் என்று கேட்டாலும் சொல்வோம். ஆங்கிலத்தில் முதலாவது “ஐ டீச் மேத்ஸ்”, இரண்டாவது “ஐ ஆம் டீச்சிங் மேத்ஸ்.” இந்த வேறுபாடு பிடிபடாதவர்கள் எதற்கும் ‘இங்’ சேர்த்துவிடுகிறார்கள். ஆக வில் ஒரு பக்கம், இங் ஒரு பக்கம். நடுவில் இருக்க வேண்டிய சிம்பிள் பிரசன்ட் பேச்சில் காணாமல் போகிறது.

இதற்குத் தமிழிலேயே ஓர் உரைகல் இருக்கிறது. சொல்ல வந்த வாக்கியத்தை மனதுக்குள் எதிர்மறையாக்கிப் பாருங்கள். ‘வருவதில்லை, செய்வதில்லை, போவதில்லை’ என்று பொருள் கெடாமல் சொல்ல முடிந்தால் அது சிம்பிள் பிரசன்ட். “அவன் ஞாயிற்றுக்கிழமை வருவான்” என்ற வாக்கியம் வழக்கத்தைச் சொன்னால் அதன் எதிர்மறை “வருவதில்லை.” ஆங்கிலத்தில் “ஹி கம்ஸ் ஆன் சண்டேஸ்.” வரப்போகும் ஒரு ஞாயிறைச் சொன்னால் எதிர்மறை “வரமாட்டான்.” அப்போது “ஹி வில் கம் ஆன் சண்டே.” “இப்போது சாப்பிடுகிறேன்” என்பதை மறுக்க “சாப்பிடவில்லை” என்போமே தவிர “சாப்பிடுவதில்லை” என்னமாட்டோம். அது “ஐ ஆம் ஈட்டிங்.” “இனி அங்கே போவதில்லை” என்பதுபோல ‘இனி’ போட்டுச் சொல்லும் தீர்மானங்களை மட்டும் இந்தச் சோதனையிலிருந்து தள்ளி வையுங்கள்.

சோதனைக்கு அடங்காத ஒரு சிறு கூட்டமும் உண்டு: தெரியும், புரியும், பிடிக்கும், வேண்டும். இவற்றின் எதிர்மறை தெரியாது, புரியாது, பிடிக்காது, வேண்டாம் என்று தனிப் போக்கில் போகும். இவற்றை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்: நோ, அண்டர்ஸ்டேண்ட், லைக், வான்ட். வழக்கமாக இவற்றோடு இங் சேராது. “ஐ ஆம் நோயிங்” என்பது தவறு. தமிழில் ‘எனக்கு’ என்று தொடங்கும் இவை ஆங்கிலத்தில் ‘ஐ’ என்று தொடங்கும் என்பதையும் சேர்த்தே பழகுங்கள். “எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்” என்பதும் இந்த வரிசைதான், “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்.” “ஐ ஆம் ஹேவிங்” என்பது உணவு உண்ணும்போதோ ஒரு கூட்டத்தை நடத்தும்போதோ சரி. தம்பிகளுக்கும் வீட்டுக்கும் பொருந்தாது.

அடுத்தது, எல்லோரும் விதியாக அறிந்து வாயில் தவறவிடும் எஸ். ஹி, ஷி, இட் வந்தால் வினையோடு எஸ் என்பதைக் குழந்தையும் சொல்லும். தமிழ்க் காது அதை ஏன் விடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு காரணம் மரியாதைப் பன்மை. “அப்பா வேலை செய்றாங்க” என்று ஒருவரையே பன்மையில் சொல்லிப் பழகிய நமக்கு, அந்த வினை ஒருமை என்று உடனே உறைப்பதில்லை. ஆங்கில வினைக்கு மரியாதை தெரியாது, தலையை மட்டும் எண்ணும். அப்பா ஒருவர், எனவே “மை ஃபாதர் ஒர்க்ஸ்.” அஃறிணையில் கதை தலைகீழ். பேச்சில் “பறவைங்க பறக்குது” என்று பன்மைக்கு ஒருமை வினை போடுகிறோம், அது “பேர்ட்ஸ் ஃப்ளைஸ்” என்று வந்து விழுகிறது. பெயரில் எஸ் இருந்தால் வினையில் எஸ் இருக்காது என்பது பெரும்பாலும் கைகொடுக்கும். “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்” மட்டும் ஏமாற்றும். அங்கே எழுவாய் நண்பர்கள் அல்ல, அவர்களில் ஒருவர். அதனால் “லிவ்ஸ்.” எவ்ரிபடி, நோபடி, ஈச் மூன்றும் ஒருமைதான்.

எழுத்தைவிட ஒலியில் கூடுதல் நேரம் செலவிடச் சொல்வேன். இந்த எஸ் மூன்று விதமாக ஒலிக்கும். ஒர்க், ஸ்டாப், ஈட் போல அதிர்வில்லாத ஒலியில் முடிந்தால் வெறும் ‘ஸ்.’ ரீட், ரன், ப்ளே போல அதிரும் ஒலியில் முடிந்தால், தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும்படி, தேனீ ரீங்கரிப்பது போன்ற ஒலி. தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் அதையும் ‘ஸ்’ என்றே எழுதுகிறோம். வாஷ், வாட்ச், ஃபிக்ஸ், சேஞ்ச் போன்றவற்றில் ஓர் அசையே கூடும்: வாஷிஸ், வாட்சிஸ். கோ என்ற சொல்லில் எழுதும்போது இ-எஸ் வந்தாலும் அசை கூடாது, ‘கோஸ்’ என்ற ஓரசைதான். ‘சே’ என்பது ‘செஸ்’ என்றும், ‘டூ’ என்பது ‘டஸ்’ என்றும் உயிரொலி மாறி ஒலிக்கும். ‘சேஸ்’ என்பது பரவலாகக் கேட்கும் பிழை.

மெய்யில் முடியும் சொல்லோடு உகரம் சேர்ப்பது நம் வாயின் இயல்பு. அதனால் ‘ஒர்க்ஸு’ என்று வரும், அல்லது எஸ்ஸே விழுந்துவிடும். இதற்கு ஒரு வழி, அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கும் வாக்கியங்களாகப் பார்த்துப் பழகுவது. “ஷி லிவ்ஸ் இன்”, “ஷி கெட்ஸ் அப்”, “ஹி ஒர்க்ஸ் அட்.” எஸ் அடுத்த சொல்லின் முதல் உயிரோடு ஒட்டிக்கொள்ளும், விழ இடமில்லை. “ஷி ஸ்பீக்ஸ் ஸ்லோலி” போல இரண்டு எஸ் மோதும் வாக்கியத்தை ஆரம்பத்தில் தவிருங்கள். சொன்னோமா விட்டோமா என்று நம் காதுக்கே தெரியாது.

எழுத்துக்கூட்டல் சுருக்கமானது. மெய்யெழுத்துக்குப் பின் ஒய் வந்தால் ஒய் போய் ஐ-இ-எஸ் (ஸ்டடி, ட்ரை, கேரி). உயிரெழுத்துக்குப் பின் வந்தால் வெறும் எஸ் (ப்ளே, பை). ஹேவ் ‘ஹேஸ்’ ஆகும். கேன், மஸ்ட் போன்றவற்றுக்கும் அவற்றின் பின்னால் வரும் வினைக்கும் எஸ் கிடையாது, “ஹி கேன் சிங்” தான்.

மறுப்பிலும் கேள்வியிலும் ஒரே ஒரு எஸ்தான் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். டஸ் அதை எடுத்துக்கொண்டால் வினைக்கு மிச்சமில்லை: “ஹி டஸ்ன்ட் கோ”, “டஸ் ஹி கோ?” தமிழில் ‘ஆ’ ஒட்டினால் கேள்வி ஆகிவிடும். “போகிறானா” என்பதில் துணைவினைக்கு வேலையே இல்லை. அதனால்தான் “வேர் யூ லிவ்?” என்று டூ இல்லாமல் வருகிறது. எங்கே, எப்போது, ஏன் என்ற கேள்விச் சொல் வந்தாலும் டூ, டஸ் வேண்டும். ஆனால் “யார் இங்கே வசிக்கிறார்?” என்று எழுவாயையே கேட்கும்போது வேண்டாம், “ஹூ லிவ்ஸ் ஹியர்?”

ஆம், இஸ், ஆர் ஆகியவை இந்தக் குடும்பத்தில் தனிச் சமையல். டூ, டஸ் பக்கமே வராமல் தாங்களே முன்னால் வந்து கேள்வியாகும், நாட் சேர்த்து மறுப்பாகும். “அவர் ஆசிரியர்” என்பதில் தமிழுக்கு வினையே தேவையில்லை, ஆங்கிலத்துக்கு இஸ் வேண்டும். இதைப் படித்துவிட்டுப் பயத்தில் எங்கும் ஆம் போடுவது அடுத்த கட்டப் பிழை: “ஐ ஆம் அக்ரீ.” அக்ரீ தானே வினை, ஆம் தேவையில்லை.

நெவர் பற்றி ஒரு வரி. தமிழில் ‘ஒருபோதும்’ வந்தால் பின்னால் ‘இல்லை’, ‘மாட்டான்’ போல ஓர் எதிர்மறை வந்தே தீரும், நெவருக்குள் அந்த எதிர்மறை ஏற்கெனவே இருக்கிறது. எனவே “ஹி நெவர் கம்ஸ் லேட்.” ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன் போன்றவையும் வினைக்கு முன்னால், ஆனால் ஆம், இஸ், ஆருக்குப் பின்னால்: “ஷி இஸ் ஆல்வேஸ் பிஸி.” இன்னொன்று, எதிர்காலத்தைச் சொன்னாலும் இஃப், வென் பகுதியில் வில் வராது: “இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.”

பயிற்சிக்கு வருவோம். கோடிட்ட இடத்தை நிரப்பும் தாள்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. வினை எங்கே வரும், எந்த வினை என்று அவையே காட்டிக்கொடுத்துவிடுகின்றன, பேசும்போது அந்தக் கோடு இருப்பதில்லை. பதிலாக, உங்கள் ஒரு நாளைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதி, ஒவ்வொன்றையும் வாய்விட்டு ஐந்து விதமாக மாற்றிச் சொல்லுங்கள். “ஐ லீவ் ஹோம் அட் எய்ட். மை சிஸ்டர் லீவ்ஸ் ஹோம் அட் எய்ட். ஷி டஸ்ன்ட் லீவ் ஹோம் அட் எய்ட். டஸ் ஷி லீவ் ஹோம் அட் எய்ட்? வென் டஸ் ஷி லீவ் ஹோம்?” ஐம்பது வாக்கியம், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எஸ் வந்து, போய், டஸ்ஸில் தொற்றி நிற்பதை நாக்கே உணரும். மூன்று நாளுக்கு ஒருமுறை வாக்கியங்களை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இலக்கணம் பழகாது, அந்தப் பத்து வாக்கியம்தான் பழகும்.

தெரிவு செய்யவும் பழக வேண்டும். தமிழில் பன்னிரண்டு வாக்கியம் எழுதுங்கள்: நான்கு வழக்கம், நான்கு இப்போது நடப்பவை, நான்கு இனி நடப்பவை. கலைத்துப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் முதலில் எதிர்மறையைத் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். முதல் வாரம் மெதுவாகத்தான் போகும், வேகம் வந்ததும் தமிழ் எதிர்மறையைக் கைவிடலாம்.

வாரம் ஒருமுறை, உங்களைப் பற்றி அல்லாமல் வேறொருவரின் ஒரு நாளை இரண்டு நிமிடம் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். ‘ஐ’ என்று பேசினால் எஸ் வரவே வராது, பிழையும் தெரியாது. கேட்கும்போது தாளில் மூன்று பத்தி போடுங்கள்: விட்ட எஸ், தேவையில்லாத இங், தேவையில்லாத வில். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கோடு. வேறு பிழை காதில் பட்டாலும் அன்றைக்கு விட்டுவிடுங்கள். எந்தப் பத்தியில் கோடுகள் அதிகமோ, அடுத்த வாரப் பத்து வாக்கியங்களை அதற்கேற்ப எழுதுங்கள். பெரும்பாலோருக்கு இங்கும் வில்லும் முதலில் குறையும், எஸ் பத்திதான் கடைசிவரை நிரம்பிக்கொண்டிருக்கும்.